சும்மா இருக்கும் திரையில் ஒரு கடிகாரம்: ஸ்கிரீன்சேவர் உண்மையில் என்ன செய்கிறது?

“அழகான கடிகார ஆப் ஒன்றை நிறுவியிருக்கிறேன். ஆனால் ஸ்கிரீன்சேவர் பட்டியலில் அதன் பெயரே வரவில்லை. என்ன தப்பு செய்தேன்?” இந்தக் கேள்வி என்னிடம் பலமுறை வந்திருக்கிறது. கேட்டவர்கள் யாரும் எந்தத் தப்பும் செய்யவில்லை. ஸ்கிரீன்சேவர் என்ற சொல்தான் ஆளுக்கு ஒரு பொருளில் புழங்குகிறது. டெஸ்க்டாப்பில் வைக்கும் படத்தைச் சிலர் அப்படிச் சொல்கிறார்கள். பாஸ்வேர்டு கேட்கும் திரையைச் சிலர் சொல்கிறார்கள். கொஞ்ச நேரம் விட்டால் திரை இருண்டுபோகிறதே, அதையும் சிலர் ஸ்கிரீன்சேவர் என்றே நினைக்கிறார்கள். இவை எல்லாம் வேறு வேறு வேலைகள். எது எது என்று ஒருமுறை பிரித்துப் பார்த்துவிட்டால், மேசைக் கணினியில் கடிகாரத்தைக் கொண்டுவருவது ஐந்து நிமிட வேலை.

எனக்கு இந்த ஏற்பாடு மிகவும் பிடிக்கும். வேலையை நிறுத்தி எழுந்து போனால், அறையின் மறுகோடியிலிருந்தும் மணி தெரிகிறது. சும்மா கிடக்கும் திரை ஒரு நல்ல சுவர்க்கடிகாரம் ஆகிவிடுகிறது. அதனால்தான் இதைப் பொறுமையாக, அடியிலிருந்து எழுதுகிறேன்.

## பெயர் எங்கிருந்து வந்தது

வெயில் படும் சுவரில் ஒரு படத்தைப் பல வருடம் மாட்டி வைத்துவிட்டுக் கழற்றிப் பாருங்கள். படம் இருந்த இடம் மட்டும் பளிச்சென்று இருக்கும், சுற்றிலும் வெளுத்திருக்கும். பழைய கண்ணாடிக் குழாய்த் திரைகளுக்கும் இதே மாதிரி ஒரு சிக்கல் இருந்தது. சி.ஆர்.டி என்று சொல்லப்படும் அந்தத் திரைகளின் உட்புறம் பாஸ்பர் என்ற பொருளைப் பூசியிருப்பார்கள். பின்னாலிருந்து வரும் எலக்ட்ரான் கற்றை பட்டால் அந்தப் பூச்சு ஒளிரும். ஒளிர ஒளிரத் தேயவும் செய்யும். ஒரே மெனுவோ ஒரே எழுத்தோ மாதக்கணக்கில் ஒரே இடத்தில் நின்றால், அந்த இடம் மட்டும் அதிகமாகத் தேய்ந்து, திரையை அணைத்த பிறகும் மங்கலான தழும்பாகத் தெரியும். இந்தத் தழும்புக்குப் பெயர் பர்ன்-இன்.

இதைத் தடுக்க வந்ததுதான் ஸ்கிரீன்சேவர். திரையைக் காப்பாற்றுவது என்று பொருள். தமிழில் திரைக்காப்பு என்றும் எழுதுகிறார்கள். ஐ.பி.எம் பி.சி கணினிக்காக ஜான் சோகா எழுதிய ஒரு சின்ன நிரல் 1983 டிசம்பர் மாத ‘சாஃப்டாக்’ இதழில் வெளியானது. முதல் ஸ்கிரீன்சேவர் என்று பொதுவாகச் சொல்லப்படுவது அதுதான். மூன்று நிமிடம் யாரும் எதையும் தொடாவிட்டால் திரையைக் கறுப்பாக்கிவிடும், அவ்வளவுதான். அந்த மூன்று நிமிடத்தை மாற்ற வேண்டுமென்றால் நிரலையே திருத்தி மறுபடி உருவாக்க வேண்டும். நகரும் உருவங்கள், நட்சத்திரங்கள், மீன் தொட்டி எல்லாம் பிறகு வந்த அலங்காரம்.

இன்று பெரும்பாலான மேசைக் கணினிகளில் இருப்பது எல்.சி.டி திரை. இது வேலை செய்யும் விதமே வேறு. பின்னால் ஒரு விளக்கு எப்போதும் எரிந்துகொண்டிருக்கும், அதற்குப் பின்னொளி என்று பெயர். முன்னால் இருக்கும் லட்சக்கணக்கான நுண்கதவுகள் திறந்தும் மூடியும் அந்த ஒளியை விடுகின்றன, மறைக்கின்றன. இந்தக் கதவுகள் பழைய பூச்சு மாதிரி தேய்வதில்லை. ஒரே படம் நெடுநேரம் நின்றால் லேசான நிழல் தங்கலாம், பெரும்பாலும் தானே மறைந்துவிடும்.

இங்கே பலர் தவறாக நினைக்கும் விஷயம் ஒன்று உண்டு. ஸ்கிரீன்சேவர் மின்சாரத்தை மிச்சப்படுத்தாது. எல்.சி.டி திரையில் கறுப்புப் பின்னணியில் கடிகாரம் வைத்தாலும் கதவுகள்தான் மூடுகின்றன, பின்னால் விளக்கு எரிந்தபடியேதான் இருக்கிறது. போதாததற்குக் கடிகாரத்தை வரைந்துகொண்டே இருக்கக் கணினியும் விழித்திருக்க வேண்டும். மின்சாரம்தான் முக்கியம் என்றால் திரையை அணைய விடுவதே சரி. மடிக்கணினி பேட்டரியில் ஓடும்போது ஸ்கிரீன்சேவர் கடிகாரம் வேண்டவே வேண்டாம் என்பேன்.

சுருக்கமாக: ஸ்கிரீன்சேவர் பிறந்தது பழைய திரைகளைத் தழும்பிலிருந்து காக்க. இன்றைய எல்.சி.டி திரைக்கு அந்தக் காப்பு தேவையில்லை. நாம் கடிகாரம் வைப்பது மணி பார்க்கத்தான்.

## கதவுக்கு வெளியே நிற்கும் காவலாளி

சரி, நாம் எழுந்து போய்விட்டோம் என்று கணினிக்கு எப்படித் தெரிகிறது?

ஓர் அறையை நினைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் உள்ளே. கதவு சாத்தியிருக்கிறது. வெளியே ஒரு காவலாளி நிற்கிறார். அவரால் உள்ளே பார்க்க முடியாது, காது மட்டும் கேட்கும். கீபோர்டில் ஒரு தட்டல், மவுஸ் ஒரு அசைவு, ஏதாவது ஒன்று கேட்டால் உடனே கைக்கடிகாரத்தைப் பார்த்து, “கடைசிச் சத்தம் இத்தனை மணிக்கு” என்று குறித்துக்கொள்வார். அடுத்த சத்தம் கேட்டால் பழைய குறிப்பை அழித்துப் புதிதாக எழுதுவார். குறிப்புக்குப் பிறகு பத்து நிமிடம் எந்தச் சத்தமும் இல்லையென்றால், அறை சும்மா இருக்கிறது என்று முடிவு கட்டி, வெளியே காத்திருக்கும் இன்னொருவரை உள்ளே அனுப்புவார்.

காவலாளி என்பது இயங்குதளம், அதாவது விண்டோஸ், மேக் ஓ.எஸ் போல கணினியையே நடத்தும் அடிப்படை மென்பொருள். அவர் எண்ணும் அந்தச் சத்தமில்லாத நேரத்துக்குச் செயலற்ற நேரம் என்று பெயர். உள்ளே அனுப்பப்படும் ஆள்தான் ஸ்கிரீன்சேவர்.

இந்தக் காவலாளியை மனதில் வைத்துக்கொண்டால் பல புதிர்கள் தாமாக அவிழும். நீளமான கட்டுரை ஒன்றைத் திரையில் படித்துக்கொண்டிருக்கிறீர்கள், மவுஸைத் தொடவில்லை. திடீரென்று கடிகாரம் வந்து மறைக்கிறது. நீங்கள் படிப்பது காவலாளிக்குத் தெரியாது, அவருக்குச் சத்தம்தான் கணக்கு. அப்படியானால் இரண்டு மணி நேரப் படம் பார்க்கும்போது மட்டும் ஏன் வருவதில்லை? வீடியோ ஓட்டும் மென்பொருள் கதவில் ஒரு சீட்டு ஒட்டிவிடுகிறது: “ஆள் இருக்கிறார், தொந்தரவு செய்யாதீர்கள்.” படம் முடிந்ததும் சீட்டைக் கிழித்துவிடும். வீடியோ அழைப்பு, திரையில் பாடம் நடத்தும் மென்பொருள் எல்லாம் இப்படித்தான் சீட்டு ஒட்டுகின்றன. கடிகாரம் வரவே மாட்டேன் என்கிறதா? ஏதாவது ஒரு மென்பொருள் சீட்டை ஒட்டிவிட்டு அப்படியே திறந்து கிடக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

இன்னொரு காரணமும் உண்டு, அதைக் கண்டுபிடிக்கத்தான் நேரமாகும். ஒளியால் இயங்கும் மவுஸைப் பளபளப்பான மேசையிலோ கண்ணாடியிலோ வைத்தால், யாரும் தொடாமலே அது அரை மில்லிமீட்டர் நகர்ந்ததாக அவ்வப்போது சொல்லிக்கொண்டிருக்கும். காவலாளியும் ஒவ்வொரு முறையும் குறிப்பை அழித்து எழுதிக்கொண்டே இருப்பார். அடியில் ஒரு காகிதம் போட்டால் சரியாகிவிடும். நம்ப முடியாவிட்டால் மவுஸைக் கவிழ்த்து வைத்துச் சோதித்துப் பாருங்கள்.

## கடிகார ஆப் ஏன் பட்டியலில் வரவில்லை

இப்போது முதல் கேள்விக்கு வருவோம்.

காவலாளி யாரை வேண்டுமானாலும் உள்ளே அனுப்ப மாட்டார். அனுப்பப்படும் ஆளுக்கு மூன்று கட்டளைகள் புரிய வேண்டும். “ஓடு” என்றால் முழுத் திரையையும் எடுத்துக்கொண்டு ஓட வேண்டும். “மாதிரி காட்டு” என்றால் அமைப்புப் பெட்டியில் இருக்கும் குட்டி மானிட்டர் படத்துக்குள் சின்னதாக ஓடிக் காட்ட வேண்டும். “விருப்பங்களைக் கேள்” என்றால் நிறம், 12 மணியா 24 மணியா போன்ற தேர்வுகளைத் திறக்க வேண்டும். இவற்றோடு நாகரிகம் ஒன்றும் தெரிந்திருக்க வேண்டும்: மவுஸ் அசைந்த உடனே, கேள்வி கேட்காமல் வெளியேற வேண்டும்.

விண்டோஸில் இப்படிப் பழகிய நிரல்களின் கோப்புப் பெயர் எஸ்.சி.ஆர் என்று முடியும். சாதாரண மென்பொருள்களின் பெயர் இ.எக்ஸ்.இ என்று முடியும். உள்ளுக்குள் இரண்டும் ஒரே வகை நிரல்தான், பெயரின் வாலும் பழக்கமும்தான் வேறு. அமைப்புப் பெட்டி பட்டியலை நிரப்பும்போது எஸ்.சி.ஆர் கோப்புகளை மட்டுமே தேடுகிறது. நீங்கள் ஆசையாக நிறுவிய கடிகார ஆப் அந்தத் தேடலில் சிக்குவதே இல்லை.

“வாலை மாற்றிப் பெயர் வைத்தால் போதாதா?” என்று தோன்றும். எனக்கும் தோன்றியது, செய்தும் பார்த்தேன். சின்னக் கடிகார நிரல் ஒன்றின் கோப்பைப் பிரதி எடுத்து, எஸ்.சி.ஆர் என்று பெயரை முடித்து, உரிய இடத்தில் வைத்தேன். பட்டியலில் பெயர் வந்துவிட்டது. அதைத் தேர்ந்தெடுத்தேன். குட்டி மானிட்டரில் மாதிரி ஓட வேண்டிய இடம் காலியாக இருந்தது, அதற்குப் பதில் கடிகார ஆப்பின் உண்மையான சாளரமே அமைப்புப் பெட்டிக்கு மேல் திறந்துகொண்டது. “மாதிரி காட்டு” என்ற கட்டளை அதற்குப் புரியவில்லை; கூப்பிட்டார்கள் என்று மட்டும் புரிந்து வழக்கம்போல் வந்துவிட்டது. நேரம் முடிந்து “ஓடு” என்றபோதும் அதே கதை. முழுத் திரையை எடுத்துக்கொள்ளாமல் நடுவில் கையகலச் சாளரமாகத் திறந்தது. மவுஸை அசைத்தேன், போகவில்லை. மூலையில் இருக்கும் பெருக்கல் குறியை அழுத்தித்தான் மூட வேண்டியிருந்தது. பெயரை மாற்றினால் பழக்கம் வந்துவிடாது என்பதை இதைவிடத் தெளிவாக என்னால் காட்ட முடியாது.

விண்டோஸோடு வரும் கடிகார ஆப்பில் இதைக்கூடச் செய்ய முடியாது. அது வேறு விதமாகப் பொதி செய்யப்பட்ட ஆப். அலாரம், டைமர், உலக நேரம் ஆகியவற்றுக்கு அது நல்ல கருவி. ஸ்கிரீன்சேவர் வேலைக்கு எழுதப்பட்டதில்லை.

ஆகவே தேட வேண்டியது “கடிகார ஆப்” இல்லை, “கடிகார ஸ்கிரீன்சேவர்”. ஒரு சொல்தான் வித்தியாசம், ஆனால் தேடலில் கிடைக்கும் பொருளே மாறிவிடும்.

இதுவரை பார்த்தது: இயங்குதளம் சத்தத்தை மட்டும் கேட்கும் காவலாளி. ஸ்கிரீன்சேவர் என்பது அவருடைய கட்டளைகள் புரிந்த தனி வகை நிரல். சாதாரண ஆப் எவ்வளவு அழகாக இருந்தாலும் அந்த வேலைக்கு வராது.

## நான்கு வேலைகள், மூன்று கணக்குகள்

எல்லாம் சரியாக அமைத்தும் கடிகாரம் வராமல் போவதற்குப் பெரும்பாலும் காரணம் இந்தப் பகுதியில்தான் இருக்கிறது. கொஞ்சம் நின்று படியுங்கள்.

அதே அறைக்குத் திரும்புவோம். நீங்கள் போய்விட்டீர்கள் என்று முடிவான பிறகு நான்கு விஷயங்கள் நடக்கலாம். ஜன்னலுக்கு முன் கடிகாரம் வரைந்த திரைச்சீலையை இழுத்துவிடலாம்: ஸ்கிரீன்சேவர். கதவைப் பூட்டலாம்: திரும்பி வந்தால் பாஸ்வேர்டு கேட்பது. விளக்கை அணைக்கலாம்: திரை இருண்டு மானிட்டர் ஓய்வுக்குப் போவது. வீடே உறங்கலாம்: கணினி ஸ்லீப் நிலைக்குப் போவது, அதாவது நினைவகத்தில் இருப்பதை மட்டும் காத்துக்கொண்டு மற்ற எல்லாவற்றையும் நிறுத்துவது.

ஸ்கிரீன்சேவருக்கும், விளக்கை அணைப்பதற்கும், உறக்கத்துக்கும் தனித்தனி நிமிடக் கணக்கு இருக்கிறது. மூன்றும் கடைசிச் சத்தத்திலிருந்துதான் எண்ணத் தொடங்குகின்றன. ஒன்று முடிந்து அடுத்தது தொடங்கும் வரிசை என்று நினைத்துவிடக் கூடாது, மூன்றும் ஒரே நேரத்தில் ஓடும் பந்தயம்.

ஸ்கிரீன்சேவருக்குப் பத்து நிமிடம் வைத்திருக்கிறீர்கள், திரை அணைவதற்கு ஐந்து நிமிடம் என்று ஏற்கெனவே இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஐந்தாவது நிமிடம் திரை அணைந்துவிடும். பத்தாவது நிமிடம் கடிகாரம் வந்தாலும் இருட்டில்தான் வரும். விளக்கணைந்த அறையில் சுவர்க்கடிகாரம் எங்கே தெரியப் போகிறது? திரும்பி வந்து மவுஸைத் தொட்டால் திரை விழிக்கும், அதே அசைவைப் பார்த்து ஸ்கிரீன்சேவரும் மரியாதையாக விலகிவிடும். “அது ஒருநாளும் வரவே இல்லை” என்று தோன்றும். முதன்முதலில் கடிகாரம் அமைத்தபோது இதே காரணத்தால் மூன்று நாள் காத்திருந்தேன். வேறு வேறு கடிகாரங்களை நிறுவிப் பார்த்தேன், கடைசியில்தான் பவர் அமைப்பைத் திறந்து பார்க்கத் தோன்றியது.

எனவே வரிசை இப்படி இருக்கட்டும்: ஸ்கிரீன்சேவர் எண் சிறியது, திரை அணையும் எண் அதைவிடப் பெரியது, உறக்கத்தின் எண் எல்லாவற்றையும்விடப் பெரியது. நான் வைத்திருப்பது 5, 45, 60. ஐந்தாவது நிமிடம் கடிகாரம் வருகிறது, நாற்பது நிமிடம் மணி காட்டுகிறது, அதற்குள் நான் திரும்பாவிட்டால் திரை அணைகிறது, பிறகு கணினி உறங்குகிறது. நாள் முழுக்கக் கடிகாரம் வேண்டும் என்பவர்கள் மற்ற இரண்டையும் “ஒருபோதும் வேண்டாம்” என்று வைக்கலாம், மின்கட்டணம் அவர்கள் கணக்கு.

பூட்டு மட்டும் தனி. ஸ்கிரீன்சேவர் அமைப்புப் பெட்டியிலேயே, திரும்பி வரும்போது உள்நுழைவுத் திரையைக் காட்டு என்ற ஒரு கட்டம் இருக்கிறது. அதில் டிக் போட்டால் திரைச்சீலை விழும்போதே பூட்டும் விழுந்துவிடும். கணினி இருக்கும் இடத்தில் மற்றவர்களும் நடமாடுகிறார்கள் என்றால் கட்டாயம் டிக் போடுங்கள். டிக் இல்லாத ஸ்கிரீன்சேவர் வெறும் துணி, யார் வேண்டுமானாலும் விலக்கிப் பார்க்கலாம். அலுவலகக் கணினிகளில் இந்தப் பெட்டி முழுக்க மங்கலாக, மாற்ற முடியாதபடி இருப்பதும் உண்டு. அங்கே நிர்வாகம் அதைப் பூட்டி வைத்திருக்கிறது, அவர்களிடம்தான் கேட்க வேண்டும்.

## அந்தக் கடிகாரத்துக்கு மணி யார் சொல்கிறார்கள்

“ஸ்கிரீன்சேவர் கடிகாரம் நாலு நிமிடம் பின்தங்கி ஓடுகிறது, வேறு நல்லதாகச் சொல்லுங்கள்” என்று கேட்பவர்கள் உண்டு. வேறொன்றை நிறுவினாலும் அதுவும் நாலு நிமிடம் பின்தங்கித்தான் ஓடும். ஏனென்றால் திரையில் தெரியும் கடிகாரம் எதுவும் நேரத்தை எண்ணுவதில்லை. ஒவ்வொரு விநாடியும் இயங்குதளத்திடம் “மணி என்ன?” என்று கேட்டு, வந்த பதிலை வரைகிறது. நேரம் தெரியாத, ஆனால் கையெழுத்து அழகாக இருக்கும் ஒருவர், பக்கத்தில் இருப்பவரிடம் கேட்டுக் கேட்டுக் கரும்பலகையில் எழுதுவது போல.

அந்தப் பக்கத்து ஆளுக்கு யார் சொல்கிறார்கள்? இரண்டு பேர்.

முதல் ஆள் கணினிக்குள்ளேயே இருக்கிறார். மதர்போர்டு என்ற முதன்மைச் சுற்றுப்பலகையில் ஒரு சிறு கடிகாரச் சுற்று இருக்கிறது, அதன் இதயம் ஒரு குவார்ட்ஸ் படிகம். மின்சாரம் கொடுத்தால் அது விநாடிக்கு 32,768 முறை அதிரும். விசித்திரமான எண்ணாகத் தெரிகிறதா? பாதியாக்கிக்கொண்டே போங்கள்: 16,384, 8,192, 4,096... பதினைந்தாவது முறை பாதியாக்கும்போது சரியாக 1 வரும். எண்ணைப் பாதியாக்குவது மின்சுற்றுக்கு மிக எளிய வேலை, அதனால் விநாடிக்கு ஒரு துடிப்பு சுலபமாகக் கிடைத்துவிடுகிறது. குவார்ட்ஸ் கைக்கடிகாரங்களுக்குள்ளும் பொதுவாக இதே எண்தான். கணினியின் மின்சாரத்தைத் துண்டித்தாலும் இந்தச் சுற்று நிற்காமல் ஓட ஒரு வில்லை பேட்டரி இருக்கும். பெரும்பாலும் சி.ஆர் 2032 என்ற வகை. அந்த எண்ணே அதன் அளவு: குறுக்களவு 20 மில்லிமீட்டர், தடிமன் 3.2 மில்லிமீட்டர். கணினியைப் பிளக்கிலிருந்து கழற்றி மாட்டும்போதெல்லாம் நேரமும் தேதியும் பல வருடம் பின்னால் போய் நிற்கிறதா? அந்த வில்லை தீர்ந்துவிட்டது என்று அர்த்தம்.

குவார்ட்ஸ் நல்ல ஆள்தான், ஆனால் முழுக்கத் துல்லியமானது இல்லை. பத்து லட்சத்தில் இருபது பங்கு பிசகினாலும் நாளைக்கு 1.7 விநாடி தள்ளிப்போகும், மாதத்துக்குக் கிட்டத்தட்ட 50 விநாடி. இங்கேதான் இரண்டாவது ஆள் வருகிறார்: இணையத்தில் இருக்கும் நேர சர்வர். உங்கள் கணினி அதனிடம் அவ்வப்போது மணி கேட்டுத் தன்னைத் திருத்திக்கொள்கிறது. பதில் வந்து சேர்வதற்குள்ளேயே கொஞ்ச நேரம் போய்விடுமே? அதற்கும் வழி இருக்கிறது. கேள்வி கிளம்பியதிலிருந்து பதில் வந்து சேரும் வரை ஆன நேரத்தை அளந்து, வழியில் கழிந்ததில் பாதியைப் பதிலோடு சேர்த்துக்கொள்கிறது. இந்த முறைக்கு என்.டி.பி என்று பெயர். டேவிட் மில்ஸ் 1985இல் வடிவமைத்தது, இன்றும் இணையம் முழுக்க இதுதான் புழக்கத்தில் இருக்கிறது.

கடிகாரம் தப்பாகக் காட்டினால் ஸ்கிரீன்சேவரைத் தொடாதீர்கள். தேதி–நேரம் அமைப்பைத் திறந்து, நேரத்தைத் தானாக அமைப்பது இயக்கத்தில் இருக்கிறதா, நேர மண்டலம் சரியா என்று பாருங்கள். சில நிமிடப் பிசகு என்றால் இணைய ஒத்திசைவு நின்றிருக்கும். சரியாகச் சில மணி நேரம் தள்ளியிருந்தால் நேர மண்டலம்தான் சந்தேகத்துக்குரியது. ஒரே கணினியில் விண்டோஸும் லினக்ஸும் வைத்திருப்பவர்களுக்கு இது அடிக்கடி நேரும், மதர்போர்டுக் கடிகாரத்தை ஒன்று உள்ளூர் நேரமாகவும் மற்றொன்று உலகப் பொது நேரமாகவும் படிப்பதால்.

## அமைப்பது

விண்டோஸ் 10, 11 இரண்டிலும் செட்டிங்ஸ், அதில் பெர்சனலைசேஷன், அதில் லாக் ஸ்கிரீன், கீழே ஸ்கிரீன் சேவர் என்று போனால் அந்தப் பழைய அமைப்புப் பெட்டி திறக்கும். நேரமில்லையென்றால் ஸ்டார்ட் மெனுவில் ஸ்கிரீன் சேவர் என்று ஆங்கிலத்தில் தட்டினாலே போதும்.

எதையும் இறக்காமலே கடிகாரம் வைக்க ஒரு வழி அங்கேயே இருக்கிறது, பலருக்கு அது தெரியாது. பட்டியலில் ‘த்ரீ-டி டெக்ஸ்ட்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். பக்கத்தில் இருக்கும் செட்டிங்ஸ் பொத்தானை அழுத்துங்கள். எழுத்து என்ற இடத்தில் நாம் விரும்பும் வாசகம் அல்லது ‘டைம்’ என்று இரண்டு தேர்வுகள் இருக்கும். டைம் என்பதைத் தேர்ந்தால் மணி முப்பரிமாண எழுத்தில் திரை முழுக்க மிதக்கும். அழகில் பெரிய பரிசு வாங்காது, ஆனால் மணி தெரிகிறது. இறக்கும் வேலையும் பாதுகாப்புக் கவலையும் இல்லை. புதியவர்கள் முதலில் இதை வைத்துப் பழகுவதுதான் நல்லது.

இலக்கங்கள் புரளும் பழைய பாணிக் கடிகாரமோ முட்கள் ஓடும் வட்டக் கடிகாரமோ வேண்டும் என்றால் இணையத்திலிருந்துதான் இறக்க வேண்டும். இங்கே ஒரு கண்டிப்பான வார்த்தை. முன்னே சொன்னது நினைவிருக்கட்டும்: எஸ்.சி.ஆர் கோப்பு ஒரு படம் போலத் தெரிந்தாலும் முழுமையான நிரல். உங்கள் கணினியில் வேறெந்த மென்பொருள் என்னவெல்லாம் செய்ய முடியுமோ, அதையெல்லாம் இதுவும் செய்ய முடியும். தீய நிரல்களை இந்த வாலோடு அனுப்பி ஏமாற்றுவது பழைய தந்திரம். எழுதியவரின் சொந்தத் தளத்திலிருந்தோ நம்பகமான மென்பொருள் அங்காடியிலிருந்தோ மட்டும் எடுங்கள். ஆயிரம் ஸ்கிரீன்சேவர் இலவசம் என்று கூவும் தளங்களை ஒதுக்குங்கள். மின்னஞ்சலில் வந்த எஸ்.சி.ஆர் கோப்பை யார் பெயரில் வந்திருந்தாலும் திறக்காதீர்கள்.

கோப்பு தனியாகக் கிடைத்தால் அதன் மேல் வலது பொத்தானை அழுத்துங்கள். டெஸ்ட், கான்ஃபிகர், இன்ஸ்டால் என்று மூன்று வரிகள் இருக்கும். விண்டோஸ் 11இல் கூடுதல் தேர்வுகளைக் காட்டச் சொன்ன பிறகு தெரியும். முதல் இரண்டும் நாம் பார்த்த “ஓடு”, “விருப்பங்களைக் கேள்” கட்டளைகள்தான், வேறு பெயரில் இருக்கின்றன. இன்ஸ்டால் கொடுப்பதற்கு முன் அந்தக் கோப்பை டவுன்லோட்ஸ் கோப்புறையிலிருந்து நிலையான ஓர் இடத்துக்கு நகர்த்திவிடுங்கள். இன்ஸ்டால் கோப்பைப் பிரதி எடுப்பதில்லை, இருக்கும் இடத்தின் முகவரியை மட்டும் குறித்துக்கொள்கிறது. ஒருநாள் டவுன்லோட்ஸைச் சுத்தம் செய்தால் கடிகாரமும் சேர்ந்து போய்விடும். விண்டோஸ் கோப்புறைக்குள் இருக்கும் சிஸ்டம்32இல் வைத்தால் பட்டியலில் நிரந்தரமாக நிற்கும், அதற்கு நிர்வாகி அனுமதி தேவை.

பழைய குறிப்புகளைப் பின்பற்றுபவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். ஒரு காலத்தில் கடிகார ஸ்கிரீன்சேவர்கள் பல ஃபிளாஷ் தொழில்நுட்பத்தில் எழுதப்பட்டன. ஃபிளாஷுக்கான ஆதரவு 2020 டிசம்பர் 31உடன் முடிந்தது. நிறுவிய பிறகு வெறும் கறுப்புத் திரை மட்டும் வந்தால் கோப்பு அந்தக் காலத்தியதா என்று பாருங்கள், புதிய பதிப்பு இருந்தால் அதற்கு மாறுங்கள்.

மேக் கணினியில் வேலை இன்னும் சுலபம். புதிய பதிப்புகளில் லாக் ஸ்கிரீன் அமைப்பில் பெரிய கடிகாரத்தைக் காட்டும் தேர்வு இருக்கிறது, அதை ஸ்கிரீன்சேவரிலும் காட்டச் சொல்லலாம். திரையின் மூலைக்கு மவுஸைக் கொண்டுபோனால் உடனே ஸ்கிரீன்சேவர் தொடங்கும்படி ‘ஹாட் கார்னர்ஸ்’ அமைப்பில் வைத்துக்கொள்ளலாம். விண்டோஸுக்கான கோப்பு மேக்கில் ஓடாது, அதற்கு சேவர் என்று முடியும் தனி வகை வேண்டும். லினக்ஸில் க்னோம் போன்ற மேசைச் சூழல்கள் ஸ்கிரீன்சேவரையே கைவிட்டு, திரையை இருட்டாக்குவதோடு நிறுத்திக்கொண்டன. அங்கே ஜேமி ஜவின்ஸ்கி 1992இல் வெளியிட்டு இன்றும் பராமரித்து வரும் எக்ஸ்-ஸ்கிரீன்சேவர் தொகுப்பைத்தான் நாட வேண்டியிருக்கும்.

அமைத்த பிறகு உடனே சோதித்துவிடுங்கள். காத்திருப்பு நேரத்தை 1 நிமிடம் என்று வைத்து, சரி கொடுத்து, கீபோர்டிலிருந்தும் மவுஸிலிருந்தும் கையை எடுத்துவிடுங்கள். பிரிவியூ பொத்தான் இந்தச் சோதனைக்கு ஈடாகாது. அது ஸ்கிரீன்சேவர் ஓடுகிறதா என்று மட்டும்தான் சொல்லும், காவலாளி கூப்பிடுகிறாரா என்று சொல்லாது. ஒரு நிமிடத்தில் கடிகாரம் வந்தால், மவுஸைத் தொட்டதும் போனால், எல்லாம் சரி. பிறகு உங்களுக்கு வசதியான எண்ணுக்கு மாற்றிக்கொள்ளலாம்.

## ஓ.எல்.இ.டி திரை வைத்திருப்பவர்களுக்கு மட்டும்

நாற்பது வருடத்துக்கு முந்தைய சிக்கல் இந்தத் திரைகளோடு திரும்பி வந்திருக்கிறது. ஓ.எல்.இ.டி திரையில் பின்னொளி கிடையாது, ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிர்கிறது. ஒளிர ஒளிரத் தேய்கிறது, பழைய பாஸ்பர் போலவே. நடுவில் அசையாமல் நிற்கும் வெள்ளைக் கடிகாரம் இங்கே மோசமான தேர்வு. மணிக்கும் நிமிடத்துக்கும் நடுவில் இருக்கும் இரண்டு புள்ளிகளை நினைத்துப் பாருங்கள், இலக்கங்கள் மாறினாலும் அவை மாறுவதே இல்லை. தழும்பு முதலில் அங்கேதான் விழும்.

இந்தத் திரைக்கு, நிமிடத்துக்கு ஒருமுறையாவது இடம் மாறும் கடிகாரமாகத் தேர்ந்தெடுங்கள். எழுத்து மங்கலான சாம்பல் நிறத்தில் மெல்லிய கோடுகளாக இருக்கட்டும், பின்னணி முழுக் கறுப்பு. ஓ.எல்.இ.டியில் கறுப்புப் புள்ளி உண்மையிலேயே அணைந்த புள்ளி என்பதால், இங்கே கறுப்புப் பின்னணி மின்சாரத்தையும் மிச்சப்படுத்தும். திரை அணையும் கணக்கையும் குறைத்து வையுங்கள், கடிகாரம் வந்து பத்து நிமிடத்தில் அணைந்துவிடுமாறு வைத்தால் போதும்.